'டேங்க் க்ளீனர்' என்றொரு பொய்

தி.நகரிலோ, அடையாறிலோ, மயிலாப்பூரிலோ ஏதாவது ஒரு வண்ணமீன் கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் நின்றால் போதும். கீழ்க்கண்ட உரையாடலைக் கேட்காமல் திரும்புவது கஷ்டம்.

"அண்ணே, போன மாசம் உங்ககிட்டதான் தொட்டி வாங்கினேன். கண்ணாடி பூரா பாசி புடிச்சிடுச்சு."

"அதுக்கென்ன தம்பி, ஒரு டேங்க் க்ளீனர் போட்டு விடுங்க. எல்லாத்தையும் அதுவே சாப்பிட்டுடும்."

"பெருசாயிடுமாண்ணே?"

"தொட்டி சைஸுக்குத் தகுந்த மாதிரிதான் வளரும். கவலையே படாதீங்க."

சில பத்து ரூபாய் கை மாறுகிறது. விரல் நீளத்தில், கறுப்பாக, உடம்பெல்லாம் முரட்டுச் செதிலோடு, வாய் அடிப்பக்கம் உறிஞ்சுகுழல் மாதிரி அமைந்த ஒரு மீன் பிளாஸ்டிக் பையில் வீட்டுக்குப் போகிறது. வாங்கியவருக்குத் திருப்தி, விற்றவருக்கும் திருப்தி. கொடுமை என்னவென்றால், அந்த உரையாடலில் கடைக்காரர் சொன்ன இரண்டு பதில்களுமே தவறு. அதைவிடக் கொடுமை, அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்பது. அவருக்கு மீன் கொடுத்தவர் சொன்னதை அவர் சொல்கிறார், அவ்வளவுதான். இந்தப் பொய் சென்னையில் ஒரு தலைமுறைக்கு மேலாகக் கைமாறிக் கொண்டிருக்கிறது.

அந்த மீனுக்குக் கடையில் பெயர் 'டேங்க் க்ளீனர்' அல்லது 'சக்கர் ஃபிஷ்'. புத்தகத்தில் பெயர் டெரிகோப்ளிக்திஸ். தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ நதிகளின் பக்கத்துக் கெளுத்தி இனம். தொட்டி சைஸுக்குத் தகுந்த மாதிரி எந்த மீனும் வளராது. இடமும் நல்ல தண்ணீரும் இல்லாவிட்டால் வளர்ச்சி குன்றும், நோயில் விழும், சீக்கிரம் சாகும். அதைத்தான் 'அடக்கமாக வளர்கிறது' என்று கடையில் சொல்கிறார்கள். ஒழுங்காக வளர்ந்தால் இந்த மீன் ஒன்றரை அடியை எட்டும். பத்து வருடங்களுக்கு மேல் உயிரோடு இருக்கும். சென்னை ஃப்ளாட்டுகளில் அதிகம் விற்கும் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால்கூட 55 லிட்டர் சொச்சம். ஒன்றரை அடி மீன் ஓரடி அகலத் தொட்டியில் எப்படித் திரும்பும்? கணக்குப் பாடம் படித்த யாருக்கும் விடை தெரியும்.

சரி, பாசியையாவது சாப்பிடுகிறதா? சின்ன வயதில் கொஞ்சம் சாப்பிடும். வளர வளர மற்ற மீன்களுக்குப் போடும் தீனியில் அதற்கு ருசி வந்துவிடும். சாப்பிட்டதைக் கழிக்கவும் வேண்டுமே... உள்ளங்கை அளவு மீன் ஒரு நாளில் போடும் கழிவைப் பார்த்தவர்கள் அதற்கு 'க்ளீனர்' என்று பெயர் வைத்தவரைத் தேடிப் போய்க் கேள்வி கேட்பார்கள். அந்தக் கழிவு அழுகி, நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறி, அடுத்த பாசிக்கு உரமாகிறது. வீட்டைப் பெருக்க வந்தவர் குப்பைக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போவது மாதிரி.

பாசி வருவதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. பால்கனிப் பக்கம் வெயில் படும்படி தொட்டியை வைப்பது, காலையில் போட்ட விளக்கை ராத்திரி படுக்கும்போது அணைப்பது, பிள்ளைகள் ஆசைக்கு ஆளுக்கு ஒருமுறை தீனி போடுவது, தண்ணீரை மாதக்கணக்கில் மாற்றாமல் விடுவது. விளக்கை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரமாகக் குறைத்து, தீனியைப் பாதியாக்கி, வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் பாசியில் பெரும்பகுதி தானாக அடங்கும். மிச்சத்துக்கு ஒரு பழைய ஸ்பாஞ்ச் போதும். ஆனால் ஸ்பாஞ்சை விற்றால் கடைக்கு என்ன கிடைக்கும் :)

இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் நடக்கும் விஷயம் என்றால் இத்தனை கோபம் தேவையில்லை. பிரச்சினை தொடங்குவது மீன் வளர்ந்த பிறகுதான். ஒரு வருடத்தில் அது தொட்டியின் செடிகளைப் பிடுங்கி, ராத்திரியில் தங்க மீனின் உடம்பை உரசி, கண்ணாடியில் மடேரென்று மோத ஆரம்பிக்கும். கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொல்ல மனசு வராது. வீட்டுப் பெரியவர் ஒரு யோசனை சொல்வார்: "பாவம்டா, உயிராச்சே. ஆத்துலயோ கொளத்துலயோ விட்டுட்டு வந்துடு. புண்ணியமா போகும்."

பக்கெட்டில் தூக்கிக்கொண்டு போய் அடையாற்றிலோ, ஏதாவது ஏரியிலோ, கோயில் குளத்திலோ விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த ஊரில், மீனைத் தண்ணீரில் விடுவது நல்ல காரியமாகத்தான் தெரியும். அந்த மனசைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காரியத்தால் நடப்பது புண்ணியம் இல்லை.

இந்த மீனுக்குச் சில விசேஷ குணங்கள் உண்டு. தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோனால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகச் சுவாசிக்கும். எலும்புத் தகடுகளால் ஆன கவசமும் விறைத்து நிற்கும் துடுப்பு முள்ளும் இருப்பதால், உள்ளூர் மீன்களோ பறவைகளோ வளர்ந்த ஒன்றை எளிதில் விழுங்க முடியாது. பெண் மீன் ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டை சுமக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது முட்டையிடும் இடம். கரையின் மண்ணில் ஒரு மீட்டர் வரை ஆழமாக வளை தோண்டி, உள்ளே முட்டையிட்டு, ஆண் மீன் காவல் காக்கும். கண்ணாடித் தொட்டியில் மண்கரை கிடையாது. அதனால்தான் இந்த மீனை வீட்டுத் தொட்டியில் யாரும் இனப்பெருக்கம் செய்ய முடிவதில்லை. கடைக்கு வருபவை எல்லாம் மண் குளங்களில் மொத்தமாக எடுக்கப்பட்ட குஞ்சுகள்.

தமிழ்நாட்டு ஏரிகளின் கரை எதனால் ஆனது என்று ஒரு கணம் யோசித்தால் வயிற்றைக் கலக்கும். செம்பரம்பாக்கம் முதல் ஊர்ப்புறத்துச் சிற்றேரி வரை பெரும்பாலும் மண்கரைதான். அந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் வளை போட ஒரு மீன், அதுவும் பணம் கொடுத்து வாங்கி வந்து விடப்பட்ட மீன்!

இது கற்பனைப் பயம் இல்லை. திருவனந்தபுரத்தின் நடுவே ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் இந்த மீன் இனம் நிலைகொண்டுவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிழக்குக் கொல்கத்தாவின் சதுப்பு நில மீன் குளங்களிலும் புகுந்திருக்கிறது. ஆந்திராவில் வலையைக் கிழித்து, மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்ததால் இதற்குப் 'பேய் மீன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகம், தண்ணீரில் கலந்திருக்கும் டிஎன்ஏ துணுக்குகளை வைத்தே, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் இது பரவலாக இருப்பதைக் கண்டறிந்தது. தமிழ்நாட்டு ஏரிகளிலும் வலையில் விழுகிறது. விழுந்தால் வாங்க ஆள் இல்லை. வலையிலிருந்து பிரித்தெடுப்பதற்குள் மீனவர் கை கிழிகிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். மெக்ஸிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் திலாப்பியா மீன்பிடிப்புக்குப் பெயர் போனது. 2000-களில் இந்த மீன் பெருகி, வலை நிறைய இதுவே வந்து, மீனவர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது. (அந்தத் திலாப்பியாவும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதுதான் என்பது தனிக்கதை.) பிலிப்பைன்ஸின் மரிக்கினா நதியில் இதற்குப் பெயர் 'ஜேனிட்டர் ஃபிஷ்', அதாவது துப்புரவுக்கார மீன். அங்கேயும் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வந்துதான் நதிக்குப் போனது. பங்களாதேஷ் 2023-இல் இந்த மீனுக்குத் தடையே போட்டுவிட்டது.

இங்கே வழக்கமாக ஒரு எதிர்வாதம் வரும். "அடையாறும் கூவமும் ஏற்கெனவே சாக்கடை. அதில் ஒரு மீனை விட்டால் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று. உண்மையில் சாக்கடை என்பதுதான் ஆபத்தே. நல்ல தண்ணீர் கேட்கும் உள்ளூர் மீன்கள் செத்துப்போன இடத்தில், காற்றைக் குடித்து உயிர் வாழத் தெரிந்த இந்த மீனுக்குப் போட்டியே கிடையாது. சென்னையில் எந்த நீர்நிலையும் தனித் தீவு இல்லை. ஏரி நிரம்பினால் கால்வாய், கால்வாய் நிரம்பினால் ஆறு. 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீட்டுக்குள்ளேயே வந்தது. தரைத்தளத்து மீன் தொட்டிக்கும் ஆற்றுக்கும் நடுவில் அன்றைக்கு ஒரு சுவர்கூட இல்லை. 2023 மிச்சாங் புயலின்போதும் பள்ளிக்கரணை சுற்றுவட்டாரத்தில் அதே நிலைமை. அந்தப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல்தான் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் உலக அந்தஸ்து, இன்னொரு பக்கம் பக்கெட்டில் பேய் மீன்.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் நியாயமானது. "எல்லாவற்றையும் வேண்டாம் என்றால் எப்படி? பாசி தின்னும் மீன் ஒன்று தொட்டியில் இருந்தால் நல்லதுதானே?" நல்லதுதான். அதற்கென்றே ஒரு மீன் இருக்கிறது. அதே குடும்பம், அதே உறிஞ்சு வாய், அதே கவசம். ஆனால் நான்கைந்து அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். பெயர் ஆன்சிஸ்ட்ரஸ், கடைமொழியில் 'பிரிசில்நோஸ்'. வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேல் கிளைகிளையாக மீசை முளைக்கும். பெண்ணுக்கு அது இருக்காது, இருந்தாலும் உதட்டோரத்தில் குட்டையாக நாலு முடி. ஆண் பெண் அடையாளம் பார்க்க பூதக்கண்ணாடி வேண்டாம்.

வளர்ந்த பிறகும் இது பாசியை விடாமல் சுரண்டும். (பச்சைத் தண்ணீரையும், கறுப்புத் தாடி மாதிரி வரும் பாசியையும் இதுவும் தொடாது. அதிசயம் எதிர்பார்க்கக் கூடாது.) ஆனால் சென்னைக் கடைகளில் இது அபூர்வம், கிடைத்தால் டேங்க் க்ளீனரைவிடப் பல மடங்கு விலை. விலை வித்தியாசத்தைப் பார்த்ததும் வாங்க வந்தவர் பழைய கறுப்பு மீனையே கேட்கிறார். ஆக, பிரச்சினையின் வேர் விலையில் இருக்கிறது. விலை குறைய வேண்டுமென்றால் மீன் பெருக வேண்டும். பெருக்குவதற்குக் குளமோ பண்ணையோ தேவையில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வரும் விஷயம். பிரிசில்நோஸ் மயிலாப்பூர் மாடவீதி ஃப்ளாட்டின் ஹாலில் குஞ்சு பொரிக்கும்.

எப்படி? முதலில் ஐந்தாறு குட்டிகளாக வாங்கி ஒன்றாக வளர்ப்பது நல்லது. எட்டு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மீசை யாருக்கு என்று தெரிந்துவிடும். ஒரு ஆண், ஒன்றிரண்டு பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஒரே தொட்டியில் இரண்டு ஆண்கள் என்றால் குகைக்குச் சண்டை நிச்சயம். ஜோடிக்கு இரண்டடித் தொட்டி குறைந்தபட்சம், மூன்றடி என்றால் சௌகரியம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப், சுரண்டித் தின்ன ஒரு மரக்கட்டை (மீன் தொட்டிக்கென்று விற்பது), ஒரு குகை. குகை என்றால் பெரிய சமாசாரம் இல்லை. ஹார்டுவேர் கடையில் இரண்டு அங்குல பிவிசி குழாய் ஆறேழு அங்குலம் வெட்டி, ஒரு முனையை மூடி போட்டு அடைத்தால் முடிந்தது. ஆண் மீன் உள்ளே போனால் பக்கவாட்டில் கொஞ்சம்தான் இடம் மிச்சமிருக்க வேண்டும். நன்றாக வேகவைத்து நாரெடுத்த கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்தாலும் சில ஜோடிகள் ஏற்றுக்கொள்ளும்.

தீனி விஷயத்தில் இது சுத்த சைவம் என்று சொல்லிவிடலாம், கிட்டத்தட்ட. சுரைக்காய், வெள்ளரிக்காய்த் துண்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த கீரை, தோலுரித்த பட்டாணி. ராத்திரி விளக்கணைத்த பிறகு போட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் தண்ணீர் நாறும்.

சென்னையில் இந்த மீனுக்கு நல்ல காலம் மழைக்காலம். மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி வரை போகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் என்றால், 32 டிகிரியில் அது ஏழு சொச்சமாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் முதலில் தவிப்பது இந்த மாதிரி மீன்கள்தான். (பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.) ஐப்பசி தொடங்கித் தை வரை தண்ணீர் 25, 26 டிகிரிக்கு இறங்கும். அப்போது இரண்டு மூன்று நாள் தொடர்ந்து, தொட்டியைவிடச் சற்றே குளிர்ந்த தண்ணீரைக் கால் பங்கு மாற்றினால், மீனுக்கு மழை வந்துவிட்டது என்று தோன்றும். ஆண் குகையை விட்டு நகராது. ஒரு ராத்திரி பெண் உள்ளே போய், ஆரஞ்சு நிறத்தில் திராட்சைக் கொத்து மாதிரி முட்டைகளை ஒட்டிவிட்டு வெளியே வந்துவிடும். முப்பதும் இருக்கும், நூறும் இருக்கும்.

அதற்குப் பிறகு எல்லா வேலையும் அப்பாவுடையது. வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டு, துடுப்பால் இடைவிடாமல் விசிறி, பூஞ்சை பிடித்த முட்டையைத் தானே அகற்றி, சாப்பாடுகூட இல்லாமல் காவல் இருக்கும். நாலைந்து நாளில் பொரியும். பொரிந்த குஞ்சு பார்க்க மஞ்சள் உருண்டைக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். அந்த உருண்டை கரைய இன்னொரு ஐந்து நாள். அதுவரை எதுவும் போட வேண்டாம், டார்ச் அடித்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். பயந்துபோன ஆண் முட்டையை வெளியே தள்ளிவிடுவதும் உண்டு.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம், பலர் தோற்பதும் அங்கேதான். குஞ்சுகளின் வயிறு எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு தீனி போட்டால் தண்ணீர் கெட்டு அம்மோனியா ஏறி ஒரே ராத்திரியில் மொத்தக் கூட்டமும் போய்விடும். பட்டினியும் கொல்லும், தாராளமும் கொல்லும். இதற்கு வழி, குஞ்சுகளைத் தொட்டிக்குள்ளேயே தொங்கும் வலைப்பெட்டியில் காற்றுக்குழாயோடு வைத்து, வெந்த சுரைக்காய்த் துண்டைக் காலையும் மாலையும் மாற்றி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொட்டியின் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றுவது. தெருவோரத்தில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து விழுந்த இலை ஒன்றை நன்றாகக் கழுவிப் போட்டால், அதன் மேல் படரும் வழுவழுப்பைக் குஞ்சுகள் நாள் முழுக்க மேயும். காசில்லாத தீனி. மெட்ரோ வாட்டர் என்றால் குளோரினுக்காக ஒரு ராத்திரி முழுக்கக் காற்றோட்டத்தோடு வைத்த பிறகே ஊற்ற வேண்டும். லாரித் தண்ணீர் என்றால் அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும். இரண்டு மாதத்தில் ஓரங்குலம் வரும். கொடுக்கலாம், விற்கலாம்.

பாசி தின்னும் வேறு மீன்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஓட்டோசின்க்ளஸ் என்ற குட்டி மீன் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலானவை தென் அமெரிக்க ஓடைகளில் பிடிக்கப்பட்டு, பட்டினியோடு பாதி உலகம் சுற்றி வந்து, வாங்கிய வாரமே சாகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் கல்லொட்டி வகை மீன்களும் பாசியைச் சுரண்டும். அவற்றைக் காட்டில் போய் வாரிக்கொண்டு வருவதும் நியாயம் ஆகாது. வீட்டில் பிறந்த மீனுக்கு இந்தப் பாவக்கணக்கு எதுவும் இல்லை.

ஒரு நியாயமான சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பிரிசில்நோஸும் வெளிநாட்டு மீன்தானே? ஆமாம். அதையும் ஏரியில் விடக்கூடாது, ஒன்றைக்கூட. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒன்றரை அடி வளரும் மீனை வாங்கும் அன்றே அதை வெளியே தள்ளும் நாளும் குறிக்கப்பட்டுவிடுகிறது. நாலு அங்குல மீன் அது சாகும்வரை தொட்டியிலேயே இருக்கலாம். குஞ்சு அதிகமாகிவிடும் என்று பயந்தால் குகையை எடுத்துவிட்டால் போதும், பெரும்பாலும் முட்டை நின்றுவிடும். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்துவிட்டால் சந்தேகமே இல்லை. எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் பெருக்குவது இன்னொரு டேங்க் க்ளீனர் கதையாகத்தான் முடியும்.

இப்போது யார் என்ன செய்ய வேண்டும்?

அரசாங்கத்துக்கு வழி தெரியாமல் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தது. 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் இறக்குமதி, வியாபாரம், பெருக்கம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்த அதிகாரம் கொடுக்கிறது. சாப்பாட்டுக் கெளுத்திக்கு ஒரு நியாயம், கண்ணாடித் தொட்டிக் கெளுத்திக்கு ஒரு நியாயமா?

வியாபாரிகளின் வயிற்றில் அடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கொளத்தூரில் குடும்பம் குடும்பமாக வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கிறார்கள். கப்பியும் மோலியும் தேவதை மீனும் பொரிக்கத் தெரிந்த கைகளுக்குப் பிரிசில்நோஸ் ஒரு பெரிய வித்தை இல்லை. கடைகள் அதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தால் ஒரு வருடத்தில் விலை தானாக இறங்கும். கடையில் கேட்க வேண்டியவர் வாங்குபவர்தான். "டேங்க் க்ளீனர் வேண்டாம்ணே, மீசை மீன் வந்தா சொல்லுங்க" என்று பத்துப் பேர் சொன்னால் பதினோராவது நாள் மீசை மீன் வரும்.

ஏற்கெனவே பெரிய டேங்க் க்ளீனரை வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கு வழி குறைவு. பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுக்கலாம். கடையில் கெஞ்சியாவது திருப்பிக் கொடுக்கலாம். இரண்டும் நடக்காவிட்டால், வெந்நீரில் குலுக்கிக் கலந்து ஆறவைத்த கிராம்பு எண்ணெயைச் சிறு பாத்திரத் தண்ணீரில் சேர்த்து, அதை மயங்க வைத்து வலியில்லாமல் சாகவிடுவது. கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் ஒரு மீனைக் கையால் கொல்வதற்குப் பயந்து, ஒரு ஏரியின் மீன்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் சாகவிடுவதை எந்தக் கணக்கில் புண்ணியம் என்று எழுதுவது?

கண்ணாடியில் பாசி பிடித்தால் முதலில் விளக்கை அணைக்கட்டும். அடுத்து ஸ்பாஞ்சை எடுக்கட்டும். அப்புறமும் மீன்தான் வேண்டும் என்றால், குழாய்த் துண்டு ஒன்றை அடைத்து வைத்துவிட்டு அடுத்த மழைக்காலத்துக்குக் காத்திருக்கட்டும். குஞ்சு பொரித்தால் பக்கத்து வீட்டுக்கும் நாலு கொடுக்கலாம்.